ஆவணப்படம் எடுக்கப் போகிறாளாம் மகள்: திருகோணமலைத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்பின் அக்காவுக்கு,

உயர்தரப் பரீட்சையில் தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும் பாடத்துக்கு மகள் ஏ எடுத்ததை எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே "இதை வைத்து என்ன செய்ய?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவளோ ஆவணப்படம் எடுக்கப்போவதாக நிற்கிறாள். அதுவும் மூதூர், வெருகல் பக்கத்தில் வாழும் பூர்வகுடிகளான கரையோர வேடர் குடும்பங்களையும், யுத்தத்தில் இடம்பெயர்ந்து சம்பூருக்குத் திரும்பி வந்த சனங்களையும் பற்றி. தகப்பன் வங்கிப் பரீட்சைக்குப் படி என்கிறார். நடுவில் நீங்கள் நித்திரை இல்லாமல் இருக்கிறீர்கள்.

என் முடிவை முதலில் சொல்கிறேன். அவளைப் படிக்க விடுங்கள். ஆனால் நீங்கள் துண்டுப்பிரசுரம் அனுப்பிய கொழும்பிலுள்ள அந்தத் தனியார் நிறுவனத்துக்கு இலட்சக்கணக்கில் கட்ட வேண்டாம். கமெராவும் இப்போது வாங்க வேண்டாம். இந்த வேலைக்கு அவள் பொருத்தமானவளா என்பதை இங்கே திருகோணமலையிலேயே, பெரிய செலவில்லாமல் பார்த்துவிடலாம்.

முதலில் சோற்றுக் கதையைப் பேசுவோம். ஆவணப்பட இயக்குநர் தேவை என்று வர்த்தமானியில் விளம்பரம் வராது. ஒரு காலத்தில் அதற்கும் அரச சம்பளம் இருந்தது. 1948இல் தொடங்கிய அரச திரைப்படப் பிரிவில்தான் சிங்கள சினிமாவின் முன்னோடி இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1952இல் வேலைக்குச் சேர்ந்தார்; கதைப் படம் எடுக்கப் போனது அதற்குப் பிறகு. இன்று இந்தத் துறையில் தாக்குப்பிடிப்பவர்கள் அநேகமாகக் கூலிக்கு ஒரு தொழிலும் தங்களுக்கென்று ஒரு படமுமாக இருக்கிறார்கள். படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, உபதலைப்பு, தொலைக்காட்சிக்கான விவரண நிகழ்ச்சி, நிறுவனங்களின் திட்ட வீடியோ என்று மாதச் செலவு அதில் போகும். சொந்தப் படம் இரண்டு வருடம், மூன்று வருடம் இழுக்கும். முதல் படத்தில் காசு வரும் என்று நம்பி யாரும் இதில் இறங்கக் கூடாது. மகளுக்கும் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சுனாமிக்குப் பிறகும் யுத்தம் முடிந்த பிறகும் எங்கள் மாவட்டத்துக்கு நிறைய நிறுவனங்கள் வந்தன. வீடு கட்டிக் கொடுத்தது, கிணறு வெட்டியது என்று ஐந்து நிமிட வீடியோக்கள் எடுக்க ஆள் தேடினார்கள். இன்று அந்த வேலை மெலிந்துவிட்டது, முற்றாக நிற்கவில்லை. அந்த வீடியோவில் பயனாளி கையெடுத்து நன்றி சொல்வார். அதற்குத்தான் காசு தருகிறார்கள். குடும்பம் நடத்த அதைச் செய்வதில் குறை இல்லை. ஆனால் அதுதான் ஆவணப்படம் என்று பிள்ளை பழகிவிட்டால், பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் நன்றி சொல்லும் முகத்தையோ அழும் முகத்தையோதான் அவளுடைய கண் தேடும்.

வருமானத்துக்கு உறுதியான ஒரு வழி சொல்கிறேன். அவளுக்குச் சிங்களம் சரளமாக வர வேண்டும். மூன்று மொழியிலும் உபதலைப்பு போடத் தெரிந்த, பேட்டியைக் கேட்டு எழுதி மொழிமாற்றித் தரக்கூடிய ஒருத்தி இந்தத் துறையில் வேலை இல்லாமல் இருப்பது குறைவு. மூன்று சமூகமும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊரில் பிறந்த பிள்ளைக்கு இது கொழும்புப் பிள்ளையை விடச் சுகமாக வரும். பல்கலைக்கழக அனுமதி வரும்வரை கிடைக்கும் மாதங்களில் கமெரா வகுப்புக்குப் போவதைவிடச் சிங்கள வகுப்புக்குப் போவது நல்லது. இதை அவளிடம் சொன்னால் முகம் சுருங்கும். சொல்லுங்கள்.

அதோடு, டவுனில் நல்ல கலியாண ஸ்டூடியோ ஒன்றில் ஆறு மாதம் உதவியாளாக நிற்கட்டும். இதுவும் அவளுக்குப் பிடிக்காது. "நான் சனங்களின் வாழ்க்கையை எடுக்கப் போறன், கலியாண வீடியோ இல்லை" என்பாள். ஆனால் தாலி கட்டுவது ஒரு முறைதான் நடக்கும். மண்டபத்தில் குழல் விளக்கும் வெயிலும் கலந்து விழும், மேளம் மைக்கை அடிக்கும், சரியாக அந்த நேரத்தில் ஒரு மாமா குறுக்கே நிற்பார். இத்தனைக்குள்ளும் நின்று பிடிக்க வேண்டும். திரும்பச் செய்யுங்கள் என்று கேட்க முடியாத ஒன்றைப் படம்பிடிக்கும் பழக்கம் ஆவணப்படத்துக்கு அத்தியாவசியம். இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் வெட்டி ஒட்டப் பழகலாம். கையில் இருக்கும் போனோடு ஒரு சட்டைப்பை மைக்கும் முக்காலியும் இருந்தால் முதல் படத்துக்குப் போதும். காசு செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் மைக்குக்குச் செலவழியுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் சனம் பார்க்கும், குரல் கேட்காவிட்டால் எழும்பிப் போய்விடும்.

இனி, எனக்கு முக்கியமாகப் படுகிற விடயத்துக்கு வருகிறேன்.

அண்மையில் ஒரு மாணவன் தான் எடுத்த எட்டு நிமிடப் படத்தைக் கொண்டுவந்து காட்டினான். கடற்கரையில் கருவாடு போடும் ஓர் அம்மாவைப் பற்றியது. ட்ரோனில் கடல், சோகமான புல்லாங்குழல், "வறுமையின் பிடியில் சிக்கித் தவிக்கும்" என்று ஓர் ஆண் குரல். பார்த்துக்கொண்டே வந்தேன். வெட்டி ஒதுக்கிய காட்சிகள் இருக்கா என்று கேட்டபோது ஒன்றைப் போட்டான். அம்மா மீனைக் கீறி உப்புத் தடவிப் பழைய வலைமேல் பரப்புகிறார். பெருவிரலில் சீலைத்துணி சுற்றியிருக்கிறது. காகத்தைத் திரும்பிப் பாராமலே தடியால் விரட்டுகிறார். வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நிற்கும் சத்தம். அவருடைய கை அப்படியே நிற்கிறது. "அம்மம்மா இல்லை எண்டு சொல்லு" என்று பேரப்பிள்ளைக்கு மெல்லச் சொல்கிறார். வந்தவர் நுண்கடன் தவணை கேட்டு வந்தவர்.

மோட்டார் சைக்கிள் இரைச்சலால் ஒலி கெட்டுவிட்டது என்று அவன் அதை ஒதுக்கியிருந்தான். எட்டு நிமிடத்திலும் சொல்ல வராதது அந்த அரை நிமிடத்தில் இருந்தது. படத்தில் சேர்க்கச் சொன்னேன். ஆனால் அதற்கு முதல் அந்த அம்மாவிடம் போய்க் காட்டிக் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். கடன்காரர் பார்த்தால் என்ன ஆகும், அயல் என்ன கதைக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். அவன் போனான். அம்மா போனை வாங்கி இரண்டு தரம் பார்த்தாராம். "கை நிக்கிறது இருக்கட்டும் தம்பி. பிள்ளைக்கு நான் சொல்றதை எடுத்துப் போடுங்க, பள்ளிக்கூடத்தில அவனைப் பகிடி பண்ணுவாங்கள்" என்றாராம். அந்தக் குரலை நீக்கிய பிறகு படம் இன்னும் நன்றாக வந்தது. அந்த மாணவன் இந்தத் துறையில் நிலைப்பான் என்று நான் நம்புவதற்குக் காரணம், அவன் எடுத்த காட்சியைவிட, அவன் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனதுதான்.

உங்கள் மகளிடம் நான் பார்க்க விரும்புவதும் இதையே. கமெரா இல்லாமல் அந்த வீட்டுக்குப் போவாளா? படம் முடிந்த பிறகும் போவாளா? ஆம் என்றால் மற்றதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை.

அவள் குறிப்பிட்ட கரையோர வேடர் சமூகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூதூர் கிழக்கிலிருந்து ஈச்சிலம்பற்று, வெருகல் தாண்டி வாகரை வரைக்கும் அவர்களுடைய குடியிருப்புகள் இருக்கின்றன. பேசுவது தமிழ். களப்பிலும் கடலிலும் மீன்பிடி, காட்டில் தேன், கூலி வேலை என்று சீவியம். யுத்தத்தில் இடம்பெயர்ந்து அலைந்தவர்கள். மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிலேயே கரையோரத்தவரைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கொப்பியோடும் கமெராவோடும் வெளியாட்கள் வந்து போகிறார்கள். வருபவர்களில் பலருக்கு வேண்டியது வில்லும் அம்பும். அந்த வீட்டுப் பிள்ளை உயர்தரம் படிக்க எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதைக் கேட்க ஆள் குறைவு. உங்கள் மகள் அதைக் கேட்கிற ஒருத்தியாக இருந்தால் அவளுடைய படத்துக்கு இடம் உண்டு. வில் அம்பை எடுத்துக்கொண்டு வந்து நில்லுங்கோ என்று சொல்லப் போகிறாளென்றால், அந்தப் படத்தை ஏற்கெனவே பலர் எடுத்துவிட்டார்கள்.

நல்ல நோக்கமும் நல்ல தொழில்நுட்பமும் இருந்தாலே போதாது என்பதற்கு அவளோடு பேச ஓர் உதாரணம் தருகிறேன். உத்தரப் பிரதேசத்தில் 2002இல் தொடங்கிய கபர் லகரியா என்ற, பெண்களே நடத்தும் செய்தி நிறுவனம் இருக்கிறது. அதன் தலித் பெண் நிருபர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து ரிந்து தோமஸ், சுஷ்மித் கோஷ் இருவரும் எடுத்த "ரைட்டிங் வித் ஃபயர்" 2022இல் ஒஸ்கார் பரிந்துரைப் பட்டியல்வரை போனது. விருது விழாவுக்குச் சில நாட்களுக்கு முன் அந்தச் செய்தி நிறுவனமே அறிக்கை விட்டது: படம் உருக்கமானது, வலிமையானது, ஆனால் எங்கள் வேலையின் ஒரு பகுதியை மட்டும் காட்டி எங்களைச் சரியாகச் சொல்லாமல் விட்டுவிட்டது என்ற பொருளில். எடுத்தவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. ஆனாலும் படத்தில் வருபவர்கள் தங்கள் கதையைத் தாங்களே எழுதுகிற நிருபர்களாக இருந்ததால் அந்த மறுப்பு வெளியே கேட்டது. கருவாடு போடும் அம்மாவுக்கு அறிக்கை விட ஓர் இடமும் இல்லை. அதனால் எடுக்கிறவருக்குப் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

காசு கொடுத்துப் படம் எடுக்கலாமா என்று மகள் ஒரு நாள் கேட்பாள். இதில் துறைக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அழுவதற்கும் சொல்வதற்கும் காசு கொடுக்கக் கூடாது. ஆனால் உங்கள் படப்பிடிப்பால் ஒருவருடைய ஒரு நாள் கூலி கெட்டால் அதை ஈடு செய்யாமல் எழும்பி வரக் கூடாது. இது என் நிலைப்பாடு. சிறு பிள்ளைகளின் முகம், கடன் விபரம், காணாமற்போனோர் பற்றிய பேச்சு ஆகிய மூன்றிலும் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிய உங்கள் பயத்தை வீண்பயம் என்று நான் சொல்லமாட்டேன். சம்பூர் சனம் 2006இல் வெளியேறி, கிளிவெட்டி முகாமிலும் வேறு இடங்களிலும் பத்து வருடத்துக்குக் கிட்ட இருந்து, 2015, 2016இல்தான் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கமெராவோடு ஒரு முகம் தெரிந்தால் யார், எவர், எதற்கு என்று விசாரிக்க ஆள் வரும். அந்த விசாரணை உங்கள் மகளிடம் வருவதைவிட, அவள் வந்த பிறகு அந்த வீட்டுக்காரரிடம் போவதுதான் எனக்குக் கவலை. அதனால் முறையோடு போக வேண்டும். கிராம உத்தியோகத்தருக்கும், ஊரிலுள்ள மாதர் சங்கத்துக்கோ கடற்றொழிலாளர் சங்கத்துக்கோ முன்கூட்டியே சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் இருந்தால் இன்னும் நல்லது. தனியே போகாமல் ஒரு தோழியோடு போகட்டும், பொழுதுபடுமுன் திரும்பட்டும். முதல் முறை நீங்களும் கூடப் போங்கள். தாய் கூட வந்த பிள்ளையை எங்கள் ஊர்களில் யாரும் வாசலில் நிறுத்தி வைத்துக் கதைப்பதில்லை.

கடற்படைத் தளமும் சீனக்குடா விமானப்படைத் தளமும் உள்ள மாவட்டம் இது. முகாம் வேலி, சோதனைச் சாவடி, துறைமுகப் பக்கம் கமெராவைத் திருப்பவே கூடாது. ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். முதல் படத்துக்கு அது தேவையே இல்லை. பொதுவில் திரையிடுவதற்கு முன் படங்களைப் பார்த்து அனுமதி வழங்கும் பொது அரங்காற்றுகைச் சபை என்ற ஒன்று இருப்பதையும் தெரிந்து வைத்திருக்கட்டும். அதேபோல 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் அவள் படிக்க வேண்டும். ஒரு கிராமத்தின் காணியைப் பற்றியோ வீதியைப் பற்றியோ பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் எடுத்து வைத்திருந்தால், படத்தில் வரும் ஒரு தாயின் சொல்லுக்குப் பக்கபலமாக ஒரு கடுதாசி இருக்கும்.

படிப்புக்கு வருவோம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில், நிலாவெளி வீதியில், உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. அங்கே தொடர்பாடல் கற்கைகளில் பட்டம் இருக்கிறது. கட்டணம் இல்லை. வீட்டிலிருந்தே போய் வரலாம், முக்கியமாக அவள் படம் எடுக்க விரும்பும் ஊர்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது. மட்டக்களப்பு கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும், கட்புல தொழில்நுட்பக் கலைகள் என்று பிரிவுகள் உள்ளன. அதற்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை எழுத வேண்டும், அறிவித்தலைத் தவற விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி எதற்கும் போதாமல் போனால் இலங்கை இதழியல் கல்லூரியின் தமிழ்மொழி டிப்ளோமா ஒரு வழி. எந்தத் தனியார் நிறுவனமானாலும் பணம் கட்டுமுன் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா, தருகிற சான்றிதழுக்கு என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமை மட்டம் உண்டா என்று கேளுங்கள். நீங்கள் அனுப்பிய அந்தத் துண்டுப்பிரசுரத்தில் இரண்டும் இல்லை. பெரிய நடிகர்களோடு எடுத்த படங்கள் மட்டும் இருக்கின்றன.

கணவருக்கும் ஒரு சொல். பட்டம் கையில் இருந்தால் ஆசிரியத் தொழில், அபிவிருத்தி உத்தியோகத்தர், நிறுவனங்களின் ஊடக அலுவலர் என்று மற்றக் கதவுகள் மூடப்படுவதில்லை. வங்கிப் பரீட்சை கூடப் பிறகு எழுதலாம். சொந்தக்காரர் கேட்டால் கம்பஸில் தொடர்பாடல் படிக்கிறாள் என்று சொல்லுங்கள், அது உண்மைதானே.

படிக்கும் காலத்தில் அவள் ஒரே ஒரு படம் எடுக்கட்டும், பத்து நிமிடம். ஒரு வீடு, ஒரு குடும்பம், ஒரு வருடம். மழைக்காலத்தில் ஒரு தரம், கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு தரம், பள்ளிக்கூடம் தொடங்கும் மாதத்தில் ஒரு தரம் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பின்னணிக் குரலும் வாடகை இசையும் இல்லாமல் எடுக்க வேண்டும். முடிந்ததும் முதலில் அந்தக் குடும்பத்துக்கும் அயலுக்கும் அந்த ஊரிலேயே ஒரு வெள்ளைத் துணியில் போட்டுக் காட்டட்டும். அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்திய பிறகு யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவுக்கு அனுப்பிப் பார்க்கலாம். பிறகு காத்மண்டுவில் 1997இலிருந்து நடந்துவரும் ஃபிலிம் சவுத் ஏசியா இருக்கிறது, கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழா இருக்கிறது. வெளிநாட்டு நிதியைப் பற்றி யோசிப்பது அதற்கும் அப்புறம். அந்த ஒரு வருடத்தில் அவளுக்கு அலுத்துப் போனாலும் நட்டம் ஒன்றும் இல்லை. சிங்களமும் படத்தொகுப்பும் பட்டமும் கையில் இருக்கும்.

இப்போது அவசரமான வேலை விண்ணப்பம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்து, அவளுடைய பாடச் சேர்க்கைக்கு எந்தெந்தக் கற்கைநெறி பொருந்தும் என்று இருவரும் ஒன்றாக இருந்து பாருங்கள். விருப்ப வரிசையில் கவனமாக இருங்கள். வரிசையில் மேலே இருப்பதற்குப் புள்ளி போதுமானால் அதுவே கிடைக்கும், கீழே இருப்பது பிறகு கணக்கில் வராது. தகப்பனின் ஆறுதலுக்காக வேறொன்றை முதலாவதாகப் போட்டுவிட்டு, இது எப்படியும் கிடைக்கும் என்று இருந்துவிடாதீர்கள். ஓர் இடத்தில் பதிந்துவிட்டால் மறுபடி விண்ணப்பிப்பது சரிவராது. தொடர்பாடல் கற்கைகள்தான் வேண்டுமென்றால் கோணேசபுரியை முதலில் போடுங்கள், அடுத்ததாக யாழ்ப்பாணத்தை. படிவத்தை அனுப்புமுன் வரிசையை எனக்கு ஒரு தரம் காட்டுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். போனில் எடுத்த ஏதாவது இருந்தால், வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள்.